கூப்பிடு தூரத்தில் ஒரு கரிமூட்டம்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பஞ்சாயத்துச் சட்டம் ஒன்று பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என் நெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இளைப்பு நோய். கடவுள் கொடுத்ததில்லை, பருத்தி மில் கொடுத்தது. நான் பிறந்து வளர்ந்தது அருப்புக்கோட்டையில், ஒரு பருத்தி அரவை மில்லின் முதுகுக்குப் பின்னால். பருத்திக் காலம் வந்தால் மில்லிலிருந்து கிளம்பும் தூசு எங்கள் முற்றத்தில் வந்து உட்காரும். சோற்றில் கிடக்கும், தண்ணீர்ப் பானையில் மிதக்கும், காயப்போட்ட சேலையில் பூனைமயிர் போல ஒட்டியிருக்கும். ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்க வேண்டும், தூசுக் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும் என்று அந்த மில்லுக்கு விதி இருந்ததாம். மில்காரர் வருஷா வருஷம், 'இந்த ஒரு வருஷம் மட்டும் விலக்குக் கொடுங்கள்' என்று கேட்பார். வருஷா வருஷம் கிடைக்கும். கடைசிவரை வலையும் வரவில்லை, குழாயும் உயரவில்லை. எனக்கு இளைப்புதான் வந்தது. அதனால் விலக்கு என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பும்.

அறுபதுகளின் கடைசியில் பரளச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். "கிராமத்துக் காத்துப் பட்டா நெஞ்சு சரியாயிரும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது பொய்யாகவில்லை. எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசி. அதற்கப்புறம் கரிசல் காடு, காட்டுக்கு அப்பால் கண்மாய். மேல்காற்று கிளம்பினால் தடுப்பார் யாருமில்லாமல் நேரே என் அடுப்படிக்குள்தான் வந்து நிற்கும். சில வருஷங்கள் இளைப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். வீட்டுக்காரரோடு சண்டை போடவும் மூச்சு தாராளமாக இருந்தது.

எழுபதுகளில் எங்கள் பக்கமெல்லாம் வேலிக்கருவை மண்டிவிட்டது. கண்மாய்க்குள் ஆடு நுழைய வழியில்லாத முள். அதை வெட்டிக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிற தொழில் ஊர் ஊராகப் பரவியது. வெட்டிய விறகை ஒரு வீடு அளவுக்கு அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போர்த்தி, ஈரமண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அதுதான் மூட்டம். விறகு எரியக்கூடாது, வேக வேண்டும். காற்றுப் புகாமல் பல நாள் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாகும். அத்தனை நாளும் புகை வந்துகொண்டே இருக்கும். கண்ணைக் கரிக்கிற, தொண்டையைக் கமறவைக்கிற புகை.

எங்கள் பஞ்சாயத்தில் இதற்கு ஒரு விதி இருந்தது. செங்கல் சூளையோ, சுண்ணாம்புக் காளவாசலோ, கரிமூட்டமோ, எதுவானாலும் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஊரிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால்தான் போட வேண்டும். மேல்காற்றுக் காலத்தில் ஊருக்கு மேற்கே போடவே கூடாது. கூப்பிடு தூரம் என்றால் ஒருவர் கூப்பிட்டு மற்றவருக்குக் கேட்கிற தூரம். யூனியன் ஆபீஸ்காரர்கள் கெஜக் கணக்கில் ஏதாவது எழுதியிருப்பார்கள். அளப்பதற்கு எங்கள் ஊரில் சங்கிலி ஏது? தொண்டைதான் இருந்தது.

அந்த வருஷம் கண்மாய் மரத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, ஆனால் நடக்கும்போது பூமி அவளுக்குச் சொந்தம் என்பதுபோல நடப்பாள். அவருக்கு ஒரு கால் இல்லை. முன்பு எங்கேயோ ஒரு மூட்டத்தின் மேல் ஏறி மண் பூசும்போது கூடு உடைந்து கால் உள்ளே போய், முழங்கால் வரை வெந்துவிட்டது. அதிலிருந்து மூட்டத்தில் ஏறுகிற வேலை அவளுக்கு. கீழே நின்று பார்க்கிற வேலை அவருக்கு. ஊரில் அவளைக் கரிக்காரி என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆடி மாதத்தில் அவள் பஞ்சாயத்து ரேடியோ ரூம் முன்னால் வந்து நின்று விலக்குக் கேட்டாள். மேற்கே மூட்டம் போட விலக்கு! பிரசிடெண்டு என்னையும் வரச்சொல்லி ஆள் விட்டார். புகை வந்தால் முதலில் படுவது என் வீடு, இளைப்புக்காரி நான். தலையில் எண்ணெய் வழிய அப்படியே போய் நின்றேன்.

"இந்த ஒரு தடவை மட்டும் விட்டுக்குடுங்கய்யா" என்றாள் அவள். "வெறகெல்லாம் கம்மாய்க்குள்ள கெடக்கு. ஊரத் தாண்டிக் கெழக்க கொண்டு போகணும்னா வண்டி வேணும், மாடு வேணும். எங்ககிட்ட இருக்கறது இவரு ஒத்தக் காலும் என் ரெண்டு கையுந்தான். காத்து நிக்கட்டும்னு பாத்தா பெரட்டாசி முடிஞ்சிரும், கம்மாய்ல தண்ணி வந்துரும்."

"ஒரு தடவை மட்டும்னு சொல்லித்தான் எல்லாவனும் ஆரம்பிக்கான்" என்று நான் சீறினேன். "எங்க ஊரு மில்லுக்காரனும் இதத்தான் சொன்னான். அவன் சொன்ன ஒரு தடவை என் நெஞ்சுக்குள்ள இன்னும் முடியல."

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. "கூப்பிட்டுப் பாப்போம்க்கா. கேட்டுச்சுன்னா மூட்டம் வேணாம், வெறகு மக்கிப் போகட்டும். கேக்கலன்னா மட்டும் வைக்கேன்."

சரி என்றேன். பிரசிடெண்டுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

கூப்பிடுவதற்கு ஊர் என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தது. அவுக தொண்டை அப்படி. கடைக்குள்ளிருந்து 'வெல்லம் வந்தாச்சு' என்று ஒரு சத்தம் கொடுத்தால் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவுக எங்கள் வீட்டு மேற்குச் சுவரோரம் நின்றார்கள். கண்மாய்க்குள் மூட்டம் போடப்போகிற இடத்தில் ஒற்றைக்கால்காரர் கம்பை ஊன்றி நின்றார். கேட்டால் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவுக நரம்பு புடைக்க 'ஓஓய்' என்று கூப்பிட்டார்கள். துண்டு எழவில்லை. மறுபடி, மறுபடி. கழுத்துச் சிவந்து இருமல் வருகிறவரை கூப்பிட்டும் துண்டு எழவில்லை.

"அண்ணாச்சி கூப்பாடே கேக்கலன்னா எமன் கூப்பாடும் அங்க கேக்காது" என்றார் பிரசிடெண்டு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரிக்காரிக்கு விலக்குக் கிடைத்தது.

சூடம் காட்டி நெருப்பு வைத்தாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் விடியலில் எழுந்தால் வீட்டுக்குள் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் நிற்கிறது. அப்புறம் அது நின்றபாடில்லை. முதலில் இருமல், பிறகு என் பழைய விருந்தாளி வந்துவிட்டது. மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். படுக்க முடியாது, தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே இருக்க வேண்டும். அருப்புக்கோட்டை டாக்டரின் மாத்திரை கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும்.

அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில் என் அடுப்படிக்குள் ஒரு குரல் கேட்டது. "ஏங்க, கஞ்சி ஆறுது, வாங்க." பக்கத்து வீட்டில் பேசுவதுபோல அத்தனை தெளிவு. கண்மாய்க்குள் கரிக்காரி தன் புருஷனைக் கூப்பிட்ட குரல்!

வந்ததே எனக்குக் கோபம். "கேட்டீகளா? அவ கஞ்சிக்குக் கூப்பிட்டா எனக்குக் கேக்குது. நீங்க தொண்டை கிழியக் கூப்பிட்டது அந்த மனுசனுக்குக் கேக்கலையாம்! காதுல ஈயத்தக் காச்சியா ஊத்திருக்கு? கேட்டுக்கிட்டேதான் துண்டத் தூக்காம நின்னிருக்கான். நான் அங்க போறேன். போய் நிக்கிறேன். நீங்க இங்கன இருந்து கூப்பிடுங்க. அந்த ரெண்டு பேரு வண்டவாளத்தையும் தண்டவாளத்துல ஏத்துறேன்."

"இந்த மூச்ச வச்சுக்கிட்டு எங்கடி போறவ?" என்று அவுக கத்தியது எனக்குப் பின்னால்தான் கேட்டது. புகைக்கு ஒதுங்கி வடக்கே சுற்றி, உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து கண்மாய்க்குள் இறங்கினேன். போனதும் மூச்சுக்கு மூச்சு ஒரு வசவாக இருவரையும் திட்டினேன். பொய்க்காரர்கள் என்றேன், மில்லுக்காரன் வகையறா என்றேன். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒற்றைக்கால்காரர் தலைகுனிந்து நின்றார்.

"இப்ப பாரு" என்று ஊர்ப்பக்கம் திரும்பினேன். தூரத்தில் எங்கள் வீட்டுச் சுவரோரம் அவுக வெள்ளை வேட்டி தெரிந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்தார்கள். உடம்பு முன்னால் வளைந்தது. கூப்பிடுகிறார்கள், நன்றாகத் தெரிகிறது. ஆனால் என் காதில் காற்று இரைவதைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி வளைந்தார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லை. அன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம், பிறகு சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட்ட ஒரு நாளும் எனக்குக் கேட்கவில்லை.

"கேக்கலை!" என்று சொன்னேன். கத்தக்கூட மூச்சில்லை, சும்மா சொன்னதுதான். அங்கே அவுக சட்டென்று கையைத் தூக்கிக் காட்டினார்கள். கேட்டுவிட்டது!

அடியாத்தி, அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. மேல்காற்றில் குரல் கிழக்கே போகுமே தவிர மேற்கே வராது. புகையும் அப்படித்தான். கண்மாயிலிருந்து ஊருக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாங்களோ ஊரிலிருந்து கண்மாய்க்கு, காற்றுக்கு எதிரே கூப்பிட்டிருக்கிறோம். பிரசிடெண்டு நின்றார், மெம்பர்கள் நின்றார்கள், வாய்க்கு வாய் நியாயம் பேசுகிற நானும் நின்றேன். காலமெல்லாம் காற்றைப் பார்த்துத் தூற்றுகிற ஊர், அன்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சிக்கு நல்ல தொண்டைன்னு சொன்னாக. நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் நின்னேன் தாயி" என்றார் ஒற்றைக்கால்காரர் மெதுவாக. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் முகம்தான் என் முகத்தைவிட வாடிப்போயிருந்தது.

"அப்ப தப்பான எடத்துல வச்சுட்டோமாக்கா?" என்றாள். "வச்ச தீய நடுவுல எடுக்க முடியாதே. தெறந்தா காத்துப் புகுந்து மொத்தமும் எரிஞ்சு சாம்பலாயிரும். மூட்டம் கரியானதும் மதுரைக்குப் போயி இவருக்குக் கட்டைக்கால் வாங்கலாம்னு இருந்தோம்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்திருப்பாள் போல. பிறகு சொன்னாள்: "மூட்டத்துக்கு மேக்க புகையே கெடையாதுக்கா. எங்க குடிசை அங்கதான் இருக்கு. இது முடியிற வரைக்கும் நீங்க எங்களோட வந்து இருந்துருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய் நின்றால், என்ன ஆச்சரியம், காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கிறது! ஒரு துளிப் புகை கிடையாது. கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சுக்குள்ளிருந்த பூனைக்குட்டி அடங்கிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போ என்றார்கள் வீட்டுக்காரர். அங்கேதான் மில் இருக்கிறதே. கடைக்கார வீட்டுப் பொம்பளை கரிக்காரி குடிசையில் போய்ப் படுப்பதா என்று ஊரில் சிலர் வாயில் போட்டு மென்றார்கள். மென்றவர்களில் ஒருத்தராவது தன் நெஞ்சைக் கழற்றி எனக்குக் கொடுத்தாரா? நான் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை சரியாக வருவதில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். அந்த மூட்டத்தின் முன்னால் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு. உள்ளே அவ்வளவு பெரிய நெருப்பு, சத்தமில்லாமல், எரியாமல், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. கரிக்காரி வெறுங்காலோடு அதன் மேல் ஏறுவாள். இடுப்பில் ஈரமண் சட்டி. ஓர் இடத்தில் நிற்பாள், பாதத்தால் சூடு பார்ப்பாள், அடுத்த அடி எடுத்து வைப்பாள். மண் வெடித்துக் கோடு விட்ட இடத்தில் குனிந்து பூசுவாள். கால் வைக்கிற ஒவ்வொரு இடமும் அவள் புருஷன் காலைத் தின்ற மாதிரியான இடம். அவர் கீழே நின்று, "வலத்த வைக்காத, எடத்த வையி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் இறங்கி வருகிறவரை அவர் இமை அசையாது. எனக்கோ இங்கே உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கால் கூசும். இப்படியும் இரண்டு பேர் பிழைக்கிறார்களே, இது தெரியாமல் இத்தனை நாள் இவர்கள் கரியில் இஸ்திரி போட்ட சட்டையை உதறி உதறி மடித்தோமே என்று மலைத்துப்போய் இருப்பேன்.

புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வாள். வெள்ளையாக வந்தால் விறகின் ஈரம் போகிறது. நீலமாக வந்தால் வேகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போனால் கரியாகிவிட்டது, எல்லா ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். "எரிஞ்சா புகை நிமிந்து மேல போயிரும்க்கா. வேகும்போதுதான் தரையோட தவழும்" என்று ஒருநாள் சொன்னாள். காலையில் அந்தப் புகை மொத்தமும் தவழ்ந்து ஊரை நோக்கிப் போவதைப் பார்ப்பேன். எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை அதற்குள் மறைந்து மறைந்து தெரியும். அதற்குள்ளேதான் நான் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்திருக்கிறேன். இங்கிருந்து பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வெள்ளை மாறி நீலம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்றாள். அவள் முகத்தில் அன்றுதான் முதல் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்று பிற்பகலில் கிழக்கே மழை கட்டியது. ஆடியில் அப்படி எப்போதாவது கட்டும். திடீரென்று காற்று நின்றது. மேல்காற்றும் இல்லை, கீழ்காற்றும் இல்லை, ஓர் இலை ஆடவில்லை. கண்மாய்க்குக் கரை உயரம். காற்றில்லாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே போகாது. புகை போக்கிடம் இல்லாமல் தரையோடு நாலாபக்கமும் பரவி, தண்ணீர் ஏறுவதுபோல ஏறிக் குடிசைக்குள் வந்தது.

எழுந்து நடந்தேன். நாலு எட்டில் முழங்கால் மடங்கிவிட்டது. அவள் என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கரைப்பக்கம் இழுத்தாள். எந்தப் பக்கம் போனாலும் புகைதான். கண் தெரியவில்லை. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டதைப் பார்த்தேன். செத்தேன் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் என்னைத் தரையில் சாய்த்துவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு நொடி மூட்டத்தைப் பார்த்தார், தன் காலை அல்ல, மூட்டத்தைத்தான் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தெற" என்றார்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கத்த வேண்டும் என்று நினைத்தேன், சத்தம் வரவில்லை. அவள் மூட்டத்தின் மேல் ஏறி ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டுக் குதித்தாள். மறுபக்கம் அவர் கம்பை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே மண்வெட்டியால் மண்ணை உடைத்தார். உள்ளே காற்றுப் போன சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வேன்! அத்தனை நாள் அடங்கிக் கிடந்த நெருப்பு ஒரே மூச்சில் எழுந்து நின்றது. பனைமர உயரம். கண்மாய் முழுக்க மஞ்சள் வெளிச்சம். தரையில் தவழ்ந்த புகை எல்லாவற்றையும் அந்தத் தீ நாலு பக்கத்திலிருந்தும் இழுத்து, நேரே வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. புகை போன இடத்தில் கரையிலிருந்து புதுக்காற்று ஓடி வந்தது. என் முகத்தில் பட்டது. உள்ளே போனது. வெளியே வந்தது.

இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். தீயையா, அவர்களையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் அத்தனை நாள் உழைப்பும் எரிந்து முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய மழை நாலு தூற்றலோடு வீரசோழன் ஊர்ப் பக்கம் போய்விட்டது.

தீயைப் பார்த்து ஊரே ஓடி வந்தது. என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார்கள். பிரசிடெண்டு மூச்சிரைக்க, "லைசென்ஸு மூட்டத்துக்குத்தான் குடுத்தோம், தெறந்த தீ எரிக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார். எனக்குத் திரும்பி வந்த மூச்சில் முதல் மூச்சை அவருக்குத்தான் செலவழித்தேன். "ஒங்க சட்டத்தக் கொண்டு போயி இந்தத் தீயிலயே போடுங்க! காத்துக்கு எதுக்கக் கூப்பிட்டுட்டு கேக்கலன்னு எழுதின ஆளுதான நீங்க? நானுந்தான் நின்னேன், எனக்கும் புத்தி இல்ல. நம்ம எல்லாருக்கும் சேத்து இவுக ரெண்டு பேரும் பொழப்பச் சாம்பல் ஆக்கிட்டு உக்காந்துருக்காக." பிரசிடெண்டு துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நல்ல மனுஷன்தான், அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அந்த வாரமே விதியை மாற்றினார்கள். இனிமேல் கூப்பிடுகிறவர் மூட்டத்தில் நிற்க வேண்டும், கேட்கிறவர் ஊரில் நிற்க வேண்டும், அதுவும் காற்றடிக்கிற நாளாகப் பார்த்து. ஈடு கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் போனார்கள். அவள் வாங்கவில்லை. "எங்க மூட்டம், எங்க கையால தெறந்தோம்ணே. இதுக்கு யாரும் ஈடு குடுக்க வேணாம்" என்றுவிட்டாள். பிரசிடெண்டு அவராகவே, "மிச்ச வெறகுக்கு மேக்கயே போட்டுக்க, அண்ணாச்சி வீட்டம்மாவ நாங்க வேற எடத்துல வச்சுக்கிறோம்" என்று சொல்லிப் பார்த்தார். "விலக்கு வேணாம்யா" என்றாள்.

மறுநாள் காலையில் தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தலையில் முள்விறகுக் கட்டோடு கரிக்காரி எங்கள் வீட்டைத் தாண்டிக் கிழக்கே போகிறாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு மேற்கே போகிறாள். மறுபடி கட்டோடு வருகிறாள். கண்மாய்க்குள் இன்னும் அடுக்காமல் கிடப்பதோ மலை போல. அதை இப்படித் தலைச்சுமையாகவே ஊரைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கே மூட்டம் போடப்போகிறாளாம். எனக்கு நெஞ்சைப் பிசைந்தது, இது இளைப்பில்லை.

என் வீட்டுக்காரர் கடைப் பலகையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்தார்கள். பட்டப்பகலில், வியாபார நேரத்தில், அவுக கடையைச் சாத்தி நான் பார்த்தது அன்றுதான். சரக்கு வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கே ஓட்டினார்கள். அதைப் பார்த்து எதிர் வீட்டு வண்டி கிளம்பியது. அடுத்த தெருவிலிருந்து ஒன்று. அப்புறம் பிரசிடெண்டு வண்டி. யாரும் தமுக்கு அடிக்கவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. உழவில்லாமல் கட்டிக்கிடந்த மாடெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் வண்டியாக முள்விறகு எங்கள் வாசலைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. ஒரு வண்டியின் மேல் ஒற்றைக்கால்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும் வண்டியில் ஏறாமல், இது எதுவும் புரியாதவள் போல, தலையில் ஒரு கட்டோடு நடந்தே போனாள். கண்ணீர் வழிவதைத் துடைக்கக் கை இல்லை அவளுக்கு.

நான் வாசலிலேயே நின்றேன். ஆடிக்காற்றில் அத்தனை வண்டிச் சக்கரமும் கிளப்பிய கரிசல் புழுதி தெருவை மூடியது. சாயங்காலத்துக்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.